எம் என்பது யாருடைய அளவு?

ஓர் உடம்பு, மூன்று எழுத்து

திருப்பூர் காதர்பேட்டைக் கடைகளில் ஏற்றுமதியில் மிஞ்சிய டி-ஷர்ட்டுகள் குவியல் குவியலாகக் கிடக்கும். அதில் பொறுக்கி எடுத்துப் பழகியவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். எம் என்று லேபிள் தைத்த ஒன்று, எல் என்று தைத்த ஒன்று, டபுள் எக்ஸ்எல் என்று தைத்த ஒன்று, மூன்றும் ஒரே ஆளுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தும். அனுபவமுள்ள கடைக்காரர் லேபிளைப் புரட்டிக்கூடப் பார்ப்பதில்லை. துணியை விரித்து ஆளின் தோளோடு ஒரு தரம் வைத்துப் பார்த்துவிட்டு "இது வருங்க" என்று கொடுத்துவிடுவார். வாங்குபவருக்குத்தான் உறுத்தல். எம்மைக் கையில் எடுத்தபோது இல்லாத ஒரு சங்கடம், டபுள் எக்ஸ்எல்லை எடுக்கும்போது வந்துவிடுகிறது. நடுவில் ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. அதற்குள் உடம்பு பெருத்திருக்க முடியாது என்பது அவருக்கும் தெரியும்.

எடை பார்க்கும்போதும் இதே கூத்துதான். ஒரே பெண்ணை டாக்டர் "கொஞ்சம் குறைங்கம்மா" என்பார். ஊரிலிருந்து வரும் அத்தை "ஏன் கண்ணு இப்படி இளைச்சுப் போயிட்டே?" என்பார். பொண்ணு பார்க்க வந்தவர்கள் வெளியே சொல்லாமல் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டு போவார்கள். சுவரில் ஒட்டிய அட்டவணை "சரியான எடை" என்று சொல்லும். இவற்றில் எதை நம்புவது? இந்தக் கேள்விக்கு விடை தேட மருத்துவமனையிலிருந்து தொடங்குவதைவிட பனியன் கம்பெனியிலிருந்து தொடங்குவது சுலபம். ஒரு அளவு எப்படிப் பிறக்கிறது, யாருக்காகப் பிறக்கிறது என்பது அங்கே மேஜைமேல் வெட்டவெளிச்சமாகக் கிடக்கிறது.

அளவு அட்டையின் பிறப்பு

வெளிநாட்டு பையரிடமிருந்து ஆர்டர் வரும்போது கூடவே மெசர்மென்ட் சார்ட் ஒன்றும் வரும். மார்பு, உயரம், தோள், கைநீளம், கழுத்து அகலம் என்று ஒவ்வொன்றுக்கும் எஸ் முதல் எக்ஸ்எல் வரை எத்தனை சென்டிமீட்டர் என்று அதில் இருக்கும். இந்த எண்கள் துணியின் எண்கள். மார்பு என்றால் டி-ஷர்ட்டை மேஜையில் தட்டையாகப் போட்டு, அக்குளுக்கு ஓர் அங்குலம் கீழே, இந்தத் தையலிலிருந்து அந்தத் தையல் வரை டேப் வைத்து எடுப்பது. உடம்பின் சுற்றளவுக்கு மேல் எவ்வளவு தளர்வு விடுவது என்பது பையரின் ரசனை. ஒரு கம்பெனி ஒட்டிப் பிடிக்கும் சட்டை விற்கும், இன்னொன்று தொளதொளவென்று விற்கும். இரண்டிலும் எம் உண்டு. முதலில் எம் அளவுக்கு மாதிரி தைத்து ஒப்புதல் வாங்கிவிட்டு, அதிலிருந்து மேலும் கீழும் சம அளவில் கூட்டிக் குறைத்து மற்ற அளவுகளை உண்டாக்குகிறார்கள். கிரேடிங் என்று அதற்குப் பெயர். மனிதர்கள் இப்படிச் சமமாகக் கூட்டிக் குறைத்துப் பிறப்பதில்லை. மார்பு அகன்றவர்களுக்கெல்லாம் தோளும் அதே விகிதத்தில் அகல்வதில்லை. ஆனால் லட்சம் பீஸ் வெட்ட வேறு வழியும் இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஐரோப்பியத் தர அளவில் ஆண்களுக்கான எம் என்பது 94 முதல் 102 சென்டிமீட்டர் வரையிலான மார்பு. அடுத்தது எல், 102 முதல் 110 வரை. அப்படியானால் ஒரு எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் 8 சென்டிமீட்டர் இடைவெளி. தட்டையாகப் போட்டு அளந்தால் 4. தையலில் கொஞ்சம் முன்பின் ஆகத்தான் செய்யும் என்பதால், தட்டை அளவில் ஒரு சென்டிமீட்டர் கூடவோ குறையவோ இருந்தால் செக்கிங்கில் பாஸ் என்று பையர் விட்டுக்கொடுத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக வந்த எம்மும் ஒரு சென்டிமீட்டர் குறைந்து வந்த எம்மும் ஒரே அட்டைப்பெட்டியில் போகும். உடம்பைச் சுற்றும்போது அவற்றுக்கிடையே 4 சென்டிமீட்டர் வித்தியாசம். ஓர் எழுத்துக்குரிய மொத்த இடைவெளியில் இது பாதி! இதற்குமேல் பின்னலாடை துவைத்தால் சுருங்கும். 52 சென்டிமீட்டர் தட்டை மார்புள்ள சட்டை 5 சதவீதம் சுருங்கினால் 2.6 சென்டிமீட்டர் போய்விடும். சுற்றளவில் 5-க்கு மேல். "போன தீபாவளிக்கு எடுத்தது இப்ப பத்தல" என்று கண்ணாடி முன்னால் நிற்பவர், தன் இடுப்பைச் சந்தேகிக்கும் முன் துணியையும் கொஞ்சம் சந்தேகப்படலாம்.

நகர்ந்துகொண்டே இருக்கும் எண்கள்

அமெரிக்காவில் 1939, 1940-ஆம் ஆண்டுகளில் ரூத் ஓ'பிரையன், வில்லியம் ஷெல்டன் இருவரும் அரசாங்கத்துக்காக ஏறக்குறைய 15,000 பெண்களை, ஆளுக்கு 59 இடங்களில், அளந்தார்கள். ஆயத்த ஆடைகளுக்கு ஒரு பொது அளவு வேண்டும் என்பது நோக்கம். வெள்ளையரல்லாத பெண்களின் அளவுகளைக் கணக்கில் சேர்க்கவில்லை. இந்த அளவுகளை அடித்தளமாகக் கொண்டு 1958-இல் அரசு ஒரு தரநிலையை வெளியிட்டது. கம்பெனிகள் அதைப் பெரிதாக மதிக்கவில்லை. 1983-இல் அரசே அதைக் கைவிட்டது. அதற்கு முன்பும் பின்பும் எண்கள் அவிழ்த்துவிட்ட மாடாகத் திரிந்தன. 32 அங்குல மார்புக்கான உடைக்கு 1937-இல் சியர்ஸ் கம்பெனியின் விலைப்பட்டியலில் 14 என்று பெயர். 1967-இல் அதே 32 அங்குலம் 8 ஆனது. 2011-இல் 0. அந்த முக்கால் நூற்றாண்டில் 32 அங்குலம் 32 அங்குலமாகவே இருந்தது. சின்ன எண்ணைப் பார்த்தால் வாங்குபவர் மகிழ்கிறார், மகிழ்ந்தவர் பில் போடுகிறார் என்பதைக் கடைகள் கண்டுகொண்டன, அவ்வளவுதான்.

நம் ஊரில் ஆண்கள் உள்ளே போடும் சாதாரண பனியன் இந்த விஷயத்தில் எவ்வளவோ நேர்மையானது. 80, 85, 90, 95 என்று மார்பளவைச் சென்டிமீட்டரிலேயே போட்டு விற்கிறார்கள். தொண்ணூறு கேட்டு வாங்கும் எவரும் அவமானப்பட்டதாகத் தெரியவில்லை. மற்ற உடைகளுக்கு இந்திய உடம்புகளை அளந்து எழுதிய பொது அட்டவணை வெகுகாலம் கிடையாது. தேசிய ஆடை வடிவமைப்புக் கல்வி நிறுவனமான நிஃப்ட், 'இந்தியாசைஸ்' என்ற பெயரில் ஆறு நகரங்களில் 15 முதல் 65 வயது வரையிலான 25,000 பேரை முப்பரிமாண ஸ்கேனரால் அளக்கும் திட்டத்தை எடுத்தது அதனால்தான். உலகத்துக்கே உடுத்திவிடும் ஊரில், அந்தச் சட்டைகளைத் தைப்பவரின் உடம்பை அளந்து எழுதிய அட்டவணை வெகுகாலம் இல்லை என்பதை நினைத்தால் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

தராசுக்குப் பின்னால் ஓர் அட்டை

இப்போது எடைக்கு வருவோம். எடையைக் கிலோவில் எடுத்து, உயரத்தை மீட்டரில் எடுத்து, உயரத்தால் இருமுறை வகுத்தால் வருவது உடல் நிறைக் குறியீடு, ஆஸ்பத்திரியில் பி.எம்.ஐ. என்பார்கள். இந்த வகுத்தலை 1830-களில் கண்டவர் அடால்ஃப் கெட்லே என்ற பெல்ஜிய நாட்டு வானியலாளர், புள்ளியியலாளர். அவர் தேடியது சராசரி மனிதனை. ஒரு நாட்டு மக்கள் மொத்தத்தையும் விவரிக்க அவருக்கு ஒரு கணக்கு வேண்டியிருந்தது. தன் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒரு தனி ஆளுக்கு அவர் வைத்தியம் பார்க்கவில்லை. 1972-இல் ஆன்செல் கீஸ் என்ற அமெரிக்க உடலியலாளர் ஐந்து நாடுகளைச் சேர்ந்த 7,000-க்கும் மேற்பட்ட ஆண்களின் அளவுகளில் இதைச் சோதித்து, இன்றைய பெயரை வைத்தார். அந்தக் கணக்கில் பெண்கள் இல்லை. கூட்டங்களை ஒப்பிட இது நல்ல கருவி, செலவில்லாத கருவி. தனி மனிதருக்கு வரும்போது எம், எல் போலவே இதற்கும் ஒரு டாலரன்ஸ், அதாவது முன்பின் விட்டுக்கொடுக்கும் அளவு, இருக்கிறது. அதை யாரும் அட்டையில் அச்சடிப்பதில்லை.

ஓவர்லாக் மெஷினில் உட்காரும் ஒரு பெண்ணை எண்ணிக்கொள்வோம். வயது 34, உயரம் 155 சென்டிமீட்டர், எடை 58 கிலோ. அவருடைய குறியீடு 24.1. உலக சுகாதார நிறுவனத்தின் பொது அட்டவணைப்படி 18.5-க்கும் 25-க்கும் இடைப்பட்டது இயல்பு. அவர் உயரத்துக்கு அது 44.5 கிலோவிலிருந்து 60 வரை. ஆக, அவர் எடை சரி. ஆனால் 2004-இல் அதே நிறுவனத்தின் நிபுணர் குழு, ஆசியர்களுக்கு 23-லேயே கவனம் தேவை என்று சொன்னது. இந்திய மருத்துவர்கள் 2009-இல் கூடி எடுத்த முடிவில் 23 முதல் 25 வரை கூடுதல் எடை, 25-க்கு மேல் உடற்பருமன். இந்த அட்டைப்படி அவர் 55 கிலோவோடு நிறுத்தியிருக்க வேண்டும். அதே 58 கிலோப் பெண் பொது அட்டையில் இயல்பு, இந்திய அட்டையில் கூடுதல் எடை. இரண்டில் எது பொய் என்று கேட்டால், இரண்டுமே பொய்யில்லை. எத்தனை பேருக்கு எந்த எடைக்குமேல் சர்க்கரை நோயும் இதய நோயும் கூடுகின்றன என்பதைக் கூட்டத்தில் பார்த்துப் போட்ட கோடுகள் இவை. இந்தியர்களுக்கு அது சீக்கிரமே கூடுகிறது, அதனால் கோடு கீழே இறங்கியது. கோட்டுக்கு இந்தப் பக்கம் அரை கிலோவும் அந்தப் பக்கம் அரை கிலோவும் இருப்பவர்களின் உடம்புக்குள் கோடு எதுவும் போட்டிருக்கவில்லை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கடுமையான இந்திய மேல்கோட்டை வைத்தாலும் அவருக்கு 44.5 முதல் 55 வரை ஏறக்குறைய பத்தரைக் கிலோ இடம் இருக்கிறது. "உன் உயரத்துக்கு 50 கிலோதான் இருக்கணும்" என்று யாராவது ஒற்றை எண்ணைச் சொன்னால் அது இந்த அட்டைகள் எதிலும் இல்லாத எண்.

ஒரே குறியீடு, இரண்டு உடம்பு

புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யுட்கினும் 2004-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் தங்களையே எடுத்துக்காட்டாக வைத்து ஒரு பக்கம் எழுதினார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. ஒன்றே, 22.3. உடம்பில் கொழுப்பின் பங்கு மட்டும் யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. பார்வைக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு. இதை மெலிந்த கொழுப்புடல் என்று சொல்லிக்கொள்ளலாம். யாஜ்னிக் குழுவின் ஆய்வில் இந்தியக் குழந்தைகள் ஆங்கிலேயக் குழந்தைகளைவிட நிறைய எடை குறைந்து பிறந்தாலும், குறைவு முக்கியமாகத் தசையிலும் உள்ளுறுப்புகளிலும் இருந்தது. தோலடிக் கொழுப்பு அவ்வளவு குறையவில்லை. தாயின் வயிற்றிலேயே தொடங்கும் கதை இது. வளர்ந்தபின் அந்தக் கொழுப்பு கைகால்களில் சேர்வதைவிட வயிற்றுக்குள், கல்லீரலைச் சுற்றி, சேர்வதுதான் சிக்கல். அங்கே சேரும் கொழுப்பு சும்மா கிடப்பதில்லை. இன்சுலின் வேலை செய்வதை அது கெடுக்கிறது.

ஆகவே நம் ஓவர்லாக் பெண்ணைப் பற்றி 58 கிலோ என்ற எண் பாதிச் செய்திதான் சொல்கிறது. மீதிப் பாதியைச் சொல்லும் கருவி அவர் கைக்கெட்டும் தூரத்திலேயே, செக்கிங் மேஜையில், தொங்குகிறது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக விட்டு முடித்தபின், வயிற்றை எக்காமல் இன்ச் டேப்பைச் சுற்ற வேண்டும். இந்தியப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் ஆண்களுக்கு 90-ம் எச்சரிக்கைக் கோடுகள். இன்னொரு எளிய அளவு, இடுப்புச் சுற்று உயரத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. அவருக்கு அது 77.5. இடுப்பு 75 என்றால், 58 கிலோவில் தசையும் எலும்பும் நல்ல பங்கு வகிக்கின்றன என்று நம்ப இடமுண்டு. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் சரியாக இருந்தால் அவர் எதையும் குறைக்க வேண்டியதில்லை. இடுப்பு 88 என்றால், அதே 58 கிலோவில், அடுத்த வேலை சர்க்கரைப் பரிசோதனை. 51 கிலோ எடையும் 84 சென்டிமீட்டர் இடுப்பும் உள்ள பக்கத்து மெஷின்காரி, எல்லோரும் "உனக்கென்ன, ஸ்லிம்மா இருக்கே" என்று சொல்லிச் சொல்லியே ஒரு தடவைகூட ரத்தம் கொடுத்துப் பார்த்திருக்க மாட்டார்.

அப்படியானால் எடையே பொருட்டில்லையா?

இவ்வளவு படித்தபின் ஒருவர் கேட்கலாம்: லேபிளும் பொய், குறியீடும் தோராயம் என்றால், வந்ததைத் தின்றுவிட்டு இருக்கலாமா? இருக்கக் கூடாது என்பதற்குச் சான்று நம் மாநிலத்திலேயே இருக்கிறது. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு 2015-16-இல் தமிழ்நாட்டுப் பெண்களில் 30.9 சதவீதத்தினரை 25-க்கு மேற்பட்ட குறியீட்டில் கண்டது. 2019-21-இல் அது 40.4 சதவீதம். ஆண்களில் 28.2-லிருந்து 37. ஐந்தாறு வருடத்தில் யாருடைய மரபணுவும் மாறிவிடவில்லை. நாள் முழுக்க ஸ்டூலில் உட்கார்ந்து செய்யும் வேலை, பீஸ் ரேட்டுக்காக எழுந்திருக்காத முதுகு, பத்து மணிக்கும் நாலு மணிக்கும் சர்க்கரை தூக்கலான டீயும் பன்னும், ஒன்றரை ஷிப்ட் முடிந்தபின் சுருங்கிப்போன தூக்கம் என்று காரணங்கள் சூழலில் கிடக்கின்றன. எண் தோராயமானது என்பதற்காக அது காட்டும் திசை பொய்யாகிவிடாது.

ஆனால் குறைக்க வேண்டியது எது என்பதில்தான் சென்னையில் நடந்த ஓர் ஆய்வு முக்கியமாகிறது. மருத்துவர் அ. ராமச்சந்திரனின் குழு, சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரைச் சில குழுக்களாகப் பிரித்து மூன்று ஆண்டுகள் கவனித்து, 2006-இல் முடிவை வெளியிட்டது. வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. தினமும் அரை மணி நேர வேக நடை, இனிப்பும் மைதாவும் எண்ணெயும் குறைத்த சாப்பாடு என்று மாற்றிக்கொண்டவர்களில் 39.3 சதவீதம் பேருக்கே வந்தது. மாற்றிக்கொண்டவர்களின் எடை குறிப்பிடும்படி குறையவில்லை என்பதுதான் இதில் நின்று யோசிக்க வேண்டிய இடம். தராசை மட்டும் பார்த்திருந்தால் அவர்கள் தோற்றுப்போனதாக நினைத்து மூன்றாவது மாதமே நடையை நிறுத்தியிருப்பார்கள். அதற்குச் சில ஆண்டுகள் முன்னால் அமெரிக்காவில் நடந்த ஆய்வில் 7 சதவீத எடைக் குறைப்பை இலக்காக வைத்தவர்களுக்குச் சர்க்கரை நோய் 58 சதவீதம் குறைந்தது என்பதும் உண்மை. நம்மவரைவிட நிறையப் பருத்தவர்கள் அவர்கள். எடை குறைவது பல பேருக்கு நல்லது. குறையாவிட்டாலும் பலன் உண்டு. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வெட்கம் இளைக்க வைக்குமா?

"நாலு பேர் சொன்னாத்தான் உறைக்கும்" என்பது அடுத்த வாதம். கேலியும் ஒருவகை மருந்துதான் என்று நம் குடும்பங்கள் உண்மையாகவே நம்புகின்றன. இங்கிலாந்தில் ஏறக்குறைய 3,000 பெரியவர்களை நான்கு ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வில், எடைக்காக அவமதிக்கப்பட்டதாகச் சொன்னவர்கள் சராசரியாக ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக ஏறினார்கள். அப்படிச் சொல்லாதவர்கள் சற்று இளைத்தார்கள். 6,000-க்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்த அமெரிக்க ஆய்வொன்றிலும், அவமதிப்பைச் சந்தித்தவர்கள் புதிதாக உடற்பருமனுக்குள் போகும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டரை மடங்கு. பருமன்தான் அவமதிப்பைக் கொண்டுவருகிறது, ஆராய்ச்சியாளர்கள் தலைகீழாகப் படிக்கிறார்கள் என்று எதிர்வாதம் செய்யலாம். தொடக்க எடையைக் கணக்கில் எடுத்துக் கழித்தபின்னும் இந்த வித்தியாசம் நின்றது என்பதே அதற்குப் பதில். எப்படிப் பார்த்தாலும் கேலி இளைக்க வைத்ததற்கான தடயம் இவற்றில் இல்லை.

பட்டினியும் கைகொடுப்பதில்லை. பி.எம்.ஐ.க்குப் பெயர் வைத்த அதே ஆன்செல் கீஸ், 1944-45-இல் மின்னசோட்டாவில் 36 ஆரோக்கியமான இளைஞர்களை 24 வாரம் அரைப்பட்டினி போட்டார். ஏறக்குறைய கால்வாசி எடை போனது. கூடவே சிரிப்பும் பேச்சும் போயின. சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பில்லாமல், சமையல் புத்தகம் சேகரிக்கத் தொடங்கினார்கள் சிலர். வயிறார உணவு திரும்பியபோது கொழுப்பு பழைய அளவையும் தாண்டி ஏறியது. தொலைக்காட்சிப் போட்டிக்காகப் பல பத்துக் கிலோ இளைத்த 14 அமெரிக்கர்களை ஆறு ஆண்டு கழித்துப் பார்த்த 2016-ஆம் ஆண்டு ஆய்வில், பெரும்பாலோர் இழந்த எடையில் நிறையத் திரும்பப் பெற்றிருந்தார்கள். ஓய்வில் உடம்பு செலவழிக்கும் ஆற்றல் மட்டும் எதிர்பார்த்ததைவிட நாளுக்கு ஏறக்குறைய 500 கலோரி குறைந்தே நின்றது. வேகமாகப் பறித்தால் உடம்பு செலவைச் சுருக்கிக்கொள்கிறது. கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்னால் சோற்றை நிறுத்தும் மணப்பெண்ணுக்கும் இதே கணக்குதான்.

இளைத்தே ஆக வேண்டும் என்ற அழுத்தம் எங்கிருந்து முளைக்கிறது என்பதற்கு ஃபிஜித் தீவு ஒரு சான்று. தடித்த உடம்பை மதித்த அந்தத் தீவின் நட்ரோகா பகுதிக்கு 1995-இல் தொலைக்காட்சி வந்தது. ஆன் பெக்கர் என்ற மானிடவியலாளர் பள்ளி மாணவிகளிடம் அப்போதும் 1998-இலும் கேட்டுப் பார்த்தார். உணவுப் பழக்கம் கோளாறாகும் அறிகுறி 12.7 சதவீதத்திலிருந்து 29.2-ஆனது, இளைப்பதற்காக வாந்தி எடுப்பது, முதலில் ஒருவரிடமும் இல்லாதது, 11 சதவீதத்தைத் தாண்டியது. மூன்றே ஆண்டில், ஒரே ஒரு அலைவரிசையில். நம் பிள்ளைகள் கையில் இருப்பது அதைவிடப் பெரிய திரை இல்லைதான்; ஆனால் அது இரவு பதினொன்றுக்கும் அணைவதில்லை.

அவரவர் எடை

தேட வேண்டிய எடை என்பது பல மாதம் நின்று நிலைக்கக்கூடிய ஒரு வீச்சு. பசியோடு போராடாமல் சாப்பிட்டு, ஓரளவு நடந்து, தூங்கி எழுந்து, அங்கே இருக்க முடிய வேண்டும். அங்கே இருக்கும்போது இடுப்புச் சுற்று கோட்டுக்குள், ரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஹீமோகுளோபினும் இயல்பில், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்காமல், பெண்களுக்கு மாதவிடாய் ஒழுங்காக இருக்க வேண்டும். இந்தச் சோதனைகள் தேறினால் 54-க்கும் 58-க்கும் இடையே எங்கே முள் நின்றாலும் அந்த 155 சென்டிமீட்டர் பெண் மாற்ற வேண்டியது ஒன்றுமில்லை. தேறாவிட்டால் முதல் இலக்கு 50 கிலோ கிடையாது, மூன்று கிலோ. எடையில் அது 5 சதவீதம், அதற்கே சர்க்கரையும் அழுத்தமும் அசைந்து கொடுக்கத் தொடங்கிவிடும்.

மறுபக்கத்தையும் விட்டுவிடக் கூடாது. 2019-21 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் 12.6 சதவீதம் பேரின் குறியீடு 18.5-க்குக் கீழே. பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. வெளி மாவட்டத்திலிருந்து வந்து கம்பெனி ஹாஸ்டலில் தங்கி, அதே 155 சென்டிமீட்டரில் 42 கிலோவோடு தையலுக்குத் துணி மடித்துக் கொடுக்கும் பத்தொன்பது வயதுப் பெண்ணின் குறியீடு 17.5. எஸ் என்று தைத்த சட்டை அவருக்குப் பெரும்பாலும் சரியாக வரும். வீடியோக்களில் பார்க்கும் உடம்பு தனக்கு இயல்பாகவே வாய்த்துவிட்டதாக அவர் நினைக்கவும் கூடும். அவருடைய எடை 45-க்கு மேலே எங்கோ இருக்கிறது. ஏறப்போகும் ஒவ்வொரு கிலோவையும் "குண்டாகிட்டே" என்று சொல்ல ஆள் இருக்கும் அறையில், அவருக்கு வேண்டியது ஒரு ஹீமோகுளோபின் பரிசோதனை, இரும்புச்சத்து மாத்திரை, மதியச் சாப்பாட்டில் பருப்போ முட்டையோ, இரவு ஏழு மணி நேரத் தூக்கம். கடைசியாகச் சொன்னதை அவர் தனியாக வாங்கிக்கொள்ள முடியாது. ஷிப்ட் போடுபவர் கொடுக்க வேண்டும்.